ட்வைலாவின் தலைக்குள் இருந்த கட்டி

தன் தலைக்குள் ஒரு கட்டி இருக்கிறது என்பது பதினைந்து வயது ட்வைலாவுக்கு ஒரு புதன்கிழமைதான் தெரியவந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், சமையலறை மேசையில் கோழியும் சீஸும் சேர்த்துச் சுட்ட மூன்று கேசரோல் தட்டுகளும் ஒரு கிண்ணம் வாழைப்பழப் புட்டிங்கும் இருப்பதைப் பார்த்தாள். அந்த அலபாமா ஊரில், சாவு விழுந்தால்தான் இத்தனை சாப்பாடு வீடு தேடி வரும்.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் சாகல," என்றாள் அம்மா வாண்டா, திரும்பாமலே.

விஷயம் இதுதான். போன வாரம் பள்ளி பாண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோல் சுழற்றி நடக்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ட்வைலாவின் கோல் கைநழுவிப் பறந்து, தலைமையாசிரியர் மனைவியின் மூக்கை உடைத்தது. அம்மாவோடு ஒரே சர்ச்சுக்குப் போகும் ஜுவனிட்டாவின் மகள் தேர்வானாள். சர்ச்சில் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஜுவனிட்டா, "ஐயோ பாவம், உம் பொண்ணுக்கு என்னதான் ஆச்சு?" என்று தேனாகக் கேட்டாள். வாண்டாவுக்குப் பொறுக்கவில்லை. மூளையில் கட்டி, அதனால்தான் கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டாள்.

"எனக்கு எங்கே கை நடுங்குச்சும்மா? வேர்த்து வழுக்கிருச்சு."

"அதை அவகிட்ட சொல்லிக்கிட்டு நிக்கச் சொல்றியா? கிறிஸ்மஸ் வரைக்கும் கொஞ்சம் சோர்வா இருடி. அப்புறம் ஆண்டவர் குணமாக்கிடுவார்."

முதலில் ட்வைலாவுக்கு அது அத்தனை மோசமாகப் படவில்லை. விளையாட்டு வகுப்பில் ஓடவேண்டியதில்லை. புட்டிங் நன்றாகவே இருந்தது. நவம்பரில் ஒருநாள் ஜுவனிட்டா அவள் தலையைத் தடவிப் பார்த்து, "சிகிச்சை எடுத்தும் முடி இவ்வளவு அடர்த்தியா இருக்கே!" என்றாள். அன்று சாயங்காலமே அம்மா முடிவெட்டும் மெஷினோடு வந்தாள்.

ட்வைலா குளியலறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டாள். அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்கப்பன் ஓடிப்போனப்போ சிரிச்சாளுங்க. இப்ப பொய்க்காரின்னு காறித் துப்புவாளுங்கடி."

ஒரு மணி நேரம் கழித்து ட்வைலா கதவைத் திறந்தாள். மழித்து முடித்ததும் அம்மா அவள் மொட்டைத் தலையில் முத்தமிட்டாள். "எவ்வளவு அழகா உருண்டையா இருக்கு பாரு, கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஹாஸ்கல் அவளை மேடைக்கு அழைத்தார். சபை முழுக்க அவள் தலையைப் பார்த்து விசும்பியது. ட்வைலா மைக்கைப் பிடுங்கினாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல! தலைக்குள்ள கட்டியே கிடையாது!"

சட்டென்று ஜுவனிட்டா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "குணமாயிட்டா! அல்லேலூயா!"

"இல்ல, கேளுங்க, அம்மா பொய்..." அதற்குள் ஆர்கன் முழங்கத் தொடங்கிவிட்டது. யார் யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள். வயதான ஒருவர் தன் கைத்தடியை வீசி எறிந்துவிட்டு இரண்டடி நடந்து, விழுந்தார். அம்மா முழங்காலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள்.

காரில் போகும்போது அம்மா ட்வைலாவின் கையை விடவேயில்லை. "பாத்தியாடி? ஜெபம் கேட்டுருச்சு."

ட்வைலா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கண்ணடிப்பாள் என்று காத்திருந்தாள். அம்மாவின் முகத்தில் விளையாட்டே இல்லை.

"அம்மா, எனக்குக் கட்டியே இருந்ததில்ல."

"இப்ப இல்லதான், கண்ணு," என்றாள் வாண்டா, கண்ணைத் துடைத்தபடி. "அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் சபையில நீ குணமானதைப் பத்திச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளை கவுன் போட்டுக்கோ."