அடங்கிக் கிடந்த செல்கள்

ஐந்தாவது முறையும் செல்கள் அடங்கவில்லை. அவை பாட்டுக்குப் பெருகிப் போயிருந்ததைத் திரையில் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி மாணவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்று வயதுக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து ஐந்து மாதமாக இதோடு மாரடிக்கிறாள்.

"போதும்க்கா. சார் சொல்ற மாதிரி என் வேலைதான் சுத்தமில்ல போல. திங்கக்கிழம எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

லேப் அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக அந்த ஆய்வகத்தில் செல் வளர்ப்பவள் அவள்.

விஷயம் இதுதான். பாலிலிருக்கும் ஒரு புரதம் சில குழந்தைகளுக்கு ஆகாது. எவனோ அந்நியன் நுழைந்துவிட்டான் என்று உடம்பின் காவல் செல்களான டி செல்கள் பெருகி ரகளை பண்ணும். டி செல்களிலேயே ஒரு வகை மட்டும் அதே புரதத்தை அடையாளம் கண்டு, மற்றவற்றை 'சும்மா இருங்கப்பா' என்று அடக்கி வைக்கும். அந்த வகையைப் பிரித்தெடுத்து, ரகளைக்காரர்களோடு கலந்து, நான்கு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. முதல் தடவை செய்தது அக்கா. ஒரு செல்கூடப் பெருகவில்லை. பேராசிரியர் குழந்தை மாதிரி துள்ளினார். அதையே திரும்பச் செய்து காட்டுவதுதான் மாணவிக்குக் கொடுத்த வேலை.

அடங்கியிருந்தால்தானே! செல்கள் உயிரோடிருக்கப் பெட்டிக்குள் போகவேண்டிய கேஸின் சிலிண்டரை மாற்றிய அக்கா, வால்வைத் திறக்க மறந்திருந்தாள். உள்ளே எல்லாம் செத்துக் கிடந்தன. ஒப்பிடுவதற்காக ரகளைக்காரர்களை மட்டும் வைத்த தட்டு, இடமில்லாமல் வேறு சிலிண்டரில் ஓடிய பக்கத்துப் பெட்டியில் இருந்ததால் நன்றாக வளர்ந்திருந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சாயத்தை அன்று அவசரத்தில் யாரும் போடவில்லை. தட்டை எடுக்கும்போதே அக்கா வால்வைப் பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் திறந்து வைத்தாள். சொல்லத்தான் போனாள். அதற்குள் பேராசிரியர், "இந்த லேப்புக்கே நீங்கதாம்மா உயிர்" என்றுவிட்டார். பதினெட்டு வருடத்தில் கேட்ட முதல் பாராட்டு. அந்த அற்ப சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டாள், பாவி மகள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் இந்தப் பெண் திட்டு வாங்குவதை, பக்கத்திலேயே நின்று தட்டு கழுவிக்கொண்டு கேட்டாள்.

"நீ போக வேணாம்மா. அன்னைக்கு கேஸ் மூடியிருந்துச்சு. செல்லு அடங்கல, செத்துப் போச்சு."

சொல்லி முடித்ததும் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மாணவி கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"அப்போ... நான் பண்ணதுல தப்பே இல்லையாக்கா?"

"இல்லடா."

மாணவிக்குக் கண் நிறைந்து, உதடு சிரிக்கப் பார்த்தது. பிறகுதான் அது உறைத்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

மாணவி எழுந்து நேரே பேராசிரியரின் அறைக்குப் போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அக்கா வரட்டும் என்று நின்றாள். உள்ளே அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் மலர, எதிர் நாற்காலியில் கிடந்த காகிதங்களை ஒரு கையால் அள்ளி எடுத்து, உட்காரச் சொல்லி இடம் காட்டினார்.