கேப்டனின் அறிக்கையில் முளைத்த ‘ஆம்’

1986 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தின் பதினான்காம் அறையில், 1757இல் ஒரு கேப்டன் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ‘ஆம்’ என்ற தமிழ்ச் சொல் முளைத்தது. அன்று நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக்கு பீட்சா. சரித்திர டீச்சர் வசந்தமலர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் குடியேறிகளுக்கும் லெனாபிப் பழங்குடிகளுக்கும் எல்லைப்புறத்தில் நடந்த சண்டையைப் பற்றி மூன்று பழைய தாள்களை நகலெடுத்துக் கொடுத்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளைகளைக் குடைவது அவர் வழக்கம். அன்று பேச்சுவாக்கில், இங்கிலிஷில் கண்டதற்கும் கேள்விப்பட்டதற்கும் ஒரே வினைச்சொல்தான், தமிழில் அப்படியில்லை என்றார். ‘சுட்டான்’ என்றால் சொல்பவர் பொறுப்பு. ‘சுட்டானாம்’ என்றால் யாரோ சொன்னது. சொல்லி வாய் மூடவில்லை, தாள்களில் மை ஊறத் தொடங்கிவிட்டது.

ரப்பரால் அழித்தால் மணி அடிப்பதற்குள் திரும்பி வந்தது. எழுதியவர் நேரில் பார்க்காத வரிகளில் மட்டுமே அது ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். பாதிரியாரின் மனைவி எழுதிய கடிதத்தில், திரும்பி வந்த சிப்பாய் ஒருவன் கையில் குழந்தையின் தோல் செருப்பு இருந்தது என்ற வரி ஆம் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. லெனாபிப் பெண் ஒருத்தியின் வாக்குமூலத்தில் பதினொரு பேர் செத்த வரி சுத்தம். கேப்டன்தான் உத்தரவிட்டார் என்ற வரியில் ஆம். நாற்பது வீரர்கள் தாக்கியதாகவும் தற்காப்புக்குச் சுட்டதாகவும் சொன்ன கேப்டனின் அறிக்கையிலோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆம். மனிதர் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. நவம்பரில் அது ஊர்ப் பூங்காவிலிருந்த கேப்டனின் வெண்கல நினைவுப் பலகைக்கும் பரவியது.

பள்ளி நிர்வாகக் குழுவில் கேப்டனின் வம்சத்தவர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டதன்பேரில் பிரின்சிபல், வேறு வகுப்பில் படித்த, சென்னை எஞ்சினியர் சந்தானத்தின் மகள் ஷ்யாமளாவைக் கூப்பிட்டு அர்த்தம் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் படித்த முதல் சொல்லே அதுதான். “இட் மீன்ஸ் யெஸ்” என்றாள் பெண். வம்சத்தவர் உச்சி குளிர்ந்து போனார். முப்பாட்டனார் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் எங்கேயோ இருக்கிற ஒரு மொழி தானாக வந்து தலையாட்டுகிறதே. வசந்தமலரின் வேலையை நிரந்தரமாக்கி, கிரீன் கார்டுக்குப் பள்ளியே ஸ்பான்சர் செய்யும் என்று பேச்சு வந்தது. அதை முடிவு செய்யும் நிர்வாகக் குழுக் கூட்டம் வியாழக்கிழமை.

வசந்தமலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார். 83 ஜூலையில் கொழும்பில், சொந்த வீடு எரிகிற நெடியைப் பிடித்தபடியே, ஊரில் அமைதி நிலவுகிறது என்ற செய்தியைப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டவர் அவர்.

“இஞ்சேரும், பேசாமல் இரும். யெஸ் எண்டே இருக்கட்டும். கார்ட் கையிலை வரட்டும், பிறகு உம்மட சரித்திரத்தைப் பாப்பம்” என்றார் கணவர் அரியரட்ணம்.

“அந்தப் பிள்ளை தெரியாமல் பிழையாச் சொல்லிப்போட்டுது. நான் தெரிஞ்சுகொண்டு திருத்தாமல் விட்டா நானும் அந்தக் கப்டன்தானேயப்பா” என்றார் வசந்தமலர்.

கூட்டத்தில் எழுந்து, அது யெஸ் இல்லை, ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று அர்த்தம், கேப்டன் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலைநீக்கக் கடிதம் சனிக்கிழமை வந்தது. மாணவர்களைத் தவறாக வழிநடத்தினீர்கள், ஆம். பெற்றோர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள், ஆம். இன்றோடு உங்கள் பணி முடிந்தது, ஆம். குழுவில் ஒருவர்கூடப் பதினான்காம் அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று முறை மறுபடி டைப் செய்தார்களாம், மெஷினையும் மாற்றினார்களாம். வரிக்கு வரி ‘அப்படிச் சொல்கிறார்கள்’ என்று முடிகிற இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரையும் வெளியே அனுப்ப முடியாது என்று அவர்களுடைய வக்கீலே கையை விரித்துவிட்டார்.

“முடிஞ்சுதாம்” என்றார் அரியரட்ணம், கடிதத்தை மடித்தபடி.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வசந்தமலர் பதினான்காம் அறையைத் திறந்து, அந்தக் கடிதத்தையே நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். முதலில் கை தூக்கியவள், அன்றுதான் அந்த வகுப்புக்கு மாறி வந்திருந்த ஷ்யாமளா. இதை எழுதியவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டாள். கிரீன் கார்டு 1989இல் தபாலில் வந்தது. வசந்தமலர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஆம் இல்லை.