மாவுக்கட்டும் பூட்சும்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரி நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. எனக்கு அவரிடம் பிடித்ததும் அந்த வாய்தான், பிடிக்காததும் அதுதான்.

சர்க்கரை வியாதியில் அவருக்கு வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்தது. என்ன மருந்து போட்டும் ஆறுவேனா என்றது. இந்த மாதிரிப் புண்ணுக்கு எது நல்லது என்று ஆஸ்பத்திரியில் இரண்டு வைத்தியங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கழற்றவே முடியாத மாவுக்கட்டு. மீதிப் பேருக்குக் கனமான பூட்ஸ். தூங்கும்போது மட்டும் கழற்றலாம். இரண்டுமே புண்ணின்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ளும். சீட்டுக் குலுக்கியதில் இவருக்குப் பூட்ஸ் விழுந்தது. லாட்டரி அடித்த மாதிரி சிரித்தார்.

அதே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு விழுந்த ஒரு பஸ் டிரைவருக்குப் புண் சுருங்கிக்கொண்டே வந்தது. இவருக்கு அப்படியே இருந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

"பூட்ஸ் போட்டுக்கறீங்களா?"

"போட்டுக்காம? அதோடதான் குடும்பமே நடத்தறேன்!"

கடைக்குள் நுழைந்ததும் அது பெஞ்சுக்கு அடியில் போய்விடும். ஒரு கால் உயர்ந்து நின்றால் சவரக்கத்தி கோணுகிறதாம். மரத்துப்போன கால் வேறு, வலித்தாலாவது உட்காருவார்.

"பொய் சொல்றாரு டாக்டர். கடையில கழட்டிடறாரு. இவருக்கும் கட்டே போட்டுடுங்க" என்றேன்.

"ரெண்டுல எது நல்லதுன்னு பாக்கறப்ப, பூட்சைக் கழட்டிடறாங்கங்கறதும் நாங்க தெரிஞ்சுக்க வேண்டியதுதாம்மா" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே கட்டுப் போட்டார்கள்.

அன்றோடு இவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். நான் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்காக இப்படி ஏங்க முடியும் என்று எனக்குத் தெரியாது. திட்டவாவது செய்யட்டும் என்று குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். கல்நெஞ்சக்காரர், மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஒருவழியாகக் கட்டைப் பிரித்தபோது புண் மூடியிருந்தது. புதுத் தோல் மறுபடி கிழியலாம், தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னார்கள். குனிந்து பார்க்க இவருடைய தொப்பை விட்டால்தானே! வாடிக்கைக்காரர்களுக்குப் பின்னந்தலையைக் காட்டும் கைக்கண்ணாடியைக் கடையிலிருந்து எடுத்துவந்து, அவர் காலடியில் உட்கார்ந்து பிடித்தேன்.

"கண்ணாடிய இப்படியா பிடிப்பாங்க? கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடி!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கோணலாகப் பிடித்தேன்.