பின்னறைக்குத் தனிக் கூரை

வீட்டின் புதுக் கூரையை மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கிய நாளிலிருந்து வார்டனம்மா சாப்பாட்டு மேசையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். மேசையின் பாதியை லேப்டாப்பும் மவுஸும் அளவு நாடாவும் பிடித்துக்கொண்டன. மறுபாதியில் காபிக் கறை காய்ந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள். பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒருவரை வழிக்குக் கொண்டுவருவது அவளுக்குக் கைவந்த கலை. மாப்பிள்ளையிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அவர் கறையின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

வீட்டுக்கு அப்போது ஒரே கூரைதான். முன்கூடம், நடு அறைகள், பின்னால் வார்டனம்மாவின் அறை, எல்லாம் அதன் கீழ் அடங்கியிருந்தன. மகள் நோயில் இறந்ததற்குப் பிறகு வந்த மழையில் ஓடுகள் உடைந்து, மரச்சட்டங்கள் ஊறி உப்பின. மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது என்று மாப்பிள்ளை முடிவெடுத்தார். கையோடு இன்னொரு முடிவும் எடுத்தார். ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்வது, அவளுக்கு வீட்டின் முன்னால் ஒரு கிளினிக் கட்டுவது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல, மாமியாரிடம் சொன்னார்.

"செய்யுங்க மாப்பிள்ளை. என்னை என்ன கேக்குறது?" என்றாள்.

"கேக்கல அத்தை. சொல்றேன்."

இடம் அவளுடையதாக இருந்தது. மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். மகளிடமிருந்து அது மாப்பிள்ளைக்குப் போயிற்று. பேரனோ பேத்தியோ இருந்திருந்தால் அதை மடியில் வைத்துக்கொண்டாவது உரிமையோடு உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கொடுப்பினையும் இல்லை. வாசலில் யாராவது வந்து நீங்கள் இந்த வீட்டுக்கு யார் என்று கேட்டால், இறந்துபோன ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும். போக வேறு இடமும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு தன்னை இங்கே வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்ற ஒன்றைத்தான் அவள் இரவும் பகலும் மென்றுகொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பல் டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பாள். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவள், இந்த வீட்டில் தன் வாயைத் திறப்பதில்லை. "வாங்க டாக்டரம்மா" என்று வார்டனம்மா ஒவ்வொரு முறையும் மரியாதையைக் கத்திபோல நீட்டுவாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒருநாள் மதியம் மாப்பிள்ளை ஓடு விசாரிக்கக் கடைக்குப் போனார். லேப்டாப்பை மூடவில்லை. வார்டனம்மா செய்தித்தாளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். விடுதியில் வருகைப்பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டவள்தான். மவுஸ் அவளுக்குப் புதிதல்ல. திரையில் வீடு நின்றது, வர்ணம் பூசிய பொம்மைபோல. மவுஸை இழுத்தால் அது சுற்றிச் சுற்றி முதுகையும் காட்டியது. இடது ஓரத்தில் கிளினிக், நடுவீடு, பின்னறை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கண் வரைந்திருந்தது. அந்தக் கண்ணை மூடினால் அந்தப் பகுதி திரையிலிருந்து மறையும். மாப்பிள்ளை செய்வதை அவள் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள்.

கிளினிக்கின் கண்ணை மூடினாள். கிளினிக் போயிற்று. நடுவீட்டின் கூரை முன்பக்கம் பிய்ந்து, ஆவென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே சட்டங்கள் தெரிந்தன. அவசரமாகத் திறந்துவிட்டாள்.

பின்னறையின் கண்ணை மூடினாள். அறை போயிற்று. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரையில் ஒரு கீறல் இல்லை, ஒரு ஓடு குறையவில்லை. அவளுடைய அறைக்கு மட்டும் நடுவீட்டுக் கூரைக்கு ஒரு சாண் கீழே, தனியாக ஒரு சின்னக் கூரை போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டால் அங்கே ஒருத்தி இருந்தாள் என்பதற்குச் சுவரில் அடையாளம்கூட மிஞ்சாது.

அவள் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்து மேசையைத் தேய் தேயென்று தேய்த்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளையும் பல் டாக்டரும் வந்து உட்கார்ந்ததும் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். கிளினிக்கை எடுத்தா வீடு வாயைப் பிளக்குது. என்னை எடுத்தா ஒண்ணுமே ஆகல. எப்படி இவ்வளவு நேர்த்தியாப் பண்ணீங்க?"

"லேப்டாப்பை யார் தொட்டது?"

"எலி. பதில் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "அத்தை, கிளினிக் நேர்க்கோட்டுல வருது. முகடும் முகடும் ஒண்ணாச் சேர்ந்துடும். உங்க ரூம் குறுக்கால நிக்குது. அதைச் சேர்த்தா, ரெண்டு சரிவும் முட்டிக்கிற இடத்துல பள்ளம் விழும். பெய்யுற தண்ணியெல்லாம் அதுலதான் ஓடும். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒழுகும். உங்க நல்லதுக்குத்தான் தனியா வெச்சேன்."

"என் நல்லதுக்கு! ஹாஸ்டல்ல பிள்ளைங்க சுவர் ஏறிக் குதிச்சிட்டு வந்து இதைவிட நல்லாப் பொய் சொல்லுங்க."

"பொய்யா? பள்ளம் விழுமா விழாதான்னு எந்த இன்ஜினியரை வேணா கேளுங்க!"

"பள்ளம் பொய்யில்ல. நல்லதுக்குன்னு சொன்னீங்களே, அது."

"அவரை விடுங்கம்மா." பல் டாக்டர் வாயைத் திறந்தாள். "தனியா வைக்கச் சொன்னது நான்தான்."

"நீ சும்மா இரு" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? அவங்க கண்டுபிடிச்சாச்சு." அவள் வார்டனம்மாவின் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நாம ஒத்துப்போவோமான்னு எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியாது. ஒத்துவரலைன்னா பிரிஞ்சு போறது சுலபமா இருக்கட்டும்னு சொன்னேன்."

"சுலபம் யாருக்கு?"

"எனக்குத்தான்."

வார்டனம்மா இத்தனை மாதமாகப் பயந்திருந்த பதில் வந்தேவிட்டது. ஆனால் மேசை நின்ற இடத்திலேயே நின்றது, அவளும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் குழைந்த பேச்சைவிட இந்தப் பெண்ணின் முரட்டுப் பேச்சு தேவலாம் என்று தோன்றியது. அதற்காக அவளைப் பிடித்துவிடவில்லை.

"சேருங்க" என்றாள் மாப்பிள்ளையிடம்.

"என்ன?"

"என் கூரையை உங்க கூரையோட சேருங்க. இப்ப. என் கண்ணெதிர்ல."

"நீங்களே பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அவர் மவுஸைப் பிடுங்குவதுபோல எடுத்தார். பின்னறையின் கூரையைப் பிடித்து மேலே இழுத்தார். அது ஏறி, நடுவீட்டுச் சரிவுக்குள் புகுந்து முட்டியது. முட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்தது. திரை அந்தப் பள்ளங்களைச் சிவப்பில் காட்டியது. ஒரு சிவப்புக் கோடு சரிந்து இறங்கி, அறையின் உள்மூலையில் வந்து நின்றது.

"தெரியுதா? அந்த மூலையிலதான் உங்க தலைமாடு. அடைமழைன்னா மொத்தத் தண்ணியும் நேரா உங்க தலைக்கு வரும்."

"வரட்டும்."

"ஒழுகும் அத்தை."

"ஒழுகட்டும். ஒழுகினா என் கூரையை மட்டும் பிரிச்சுச் சரி பண்ண முடியுமா?"

மாப்பிள்ளை மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"முடியாதில்ல? உங்க கூரையையும் சேத்துத்தான் பிரிக்கணும். அப்படித்தான் எனக்கு வேணும். என் தலை நனைஞ்சா உங்க தூக்கமும் கெடணும்."

"இது பிடிவாதம்."

"ஆமா."

"சரி, கட்டிலையாவது எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்க."

"அந்தச் சுவரை விட்டு நகர மாட்டேன்."

அது ஏன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். கடைசி மாதங்களில் மகள் அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் படுத்திருந்தாள். கூப்பிடக் குரல் எழும்பாமல் போனபோது சுவரை விரலால் தட்டுவாள். வார்டனம்மா இந்தப் பக்கத்திலிருந்து தட்டிவிட்டு எழுந்து ஓடுவாள். மகளின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்துத் தட்டலையும் கேட்டுக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை.

அவர் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை அப்படியே சேமித்தார். "இதுக்கு மேல ஒரு கோடு மாத்த மாட்டேன். ஒழுகுதுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிப்பேன். நிக்கிறதுக்குத்தானே இவ்வளவு பேச்சு."

பல் டாக்டர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முகம் கடுகடுவென்றிருந்தது. "இலை விழுந்து பள்ளம் அடைச்சா யார் மேல ஏறி அள்ளுறது?"

"உன்னைக் கட்டிக்கப் போறவர்தான்."

"இவரா? ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே நடுங்குறார்."

"பல்பா? அதை மாட்டினது எல்லாம் என் பொண்ணு. இவர் கீழ நின்னு டார்ச் அடிப்பார்."

"பள்ளத்துக்கு அடியில தகரம் போடணும். அதையாவது நல்லதா வாங்கச் சொல்லுங்க. விட்டா மலிவா இருக்குன்னு ஏதாவது ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுவார்."

"எனக்குச் சொல்றியா நீ?" என்றாள் வார்டனம்மா. "அந்தக் கடைக்கு நானும் கூடப் போறேன்."

"நானும் வருவேன். என் கூரையும்தானே அது."

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல், எந்தக் கடையில் தகரம் கனமாகக் கிடைக்கும் என்று சண்டை போடத் தொடங்கினார்கள்.