காதுமூடிக்கு அனுமதி

பால் சொசைட்டியில் கேனைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போடுகிற சத்தம் இருக்கிறதே, அது மற்றவர்களுக்குக் காதில் விழும். கிருத்திகாவுக்குப் பல்லில் விழும். கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் காலை ஆறு மணிக்குள் அப்படி எண்பது கேன் விழும். அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் மூன்று வருடமாகப் பாலைச் சோதித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த மேசை அவளுக்கு உயிர். கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் அது நிற்கிற இடத்தில் நிற்கும். ஆளைப் பார்த்து ஏறாது, சொந்தம் பார்த்து இறங்காது. மனுசர் பேச்சில் சிரிப்பு எது, குத்தல் எது என்று பிரிப்பதற்குள் அவளுக்குத் தலை வலித்துவிடும். பாலில் அந்தத் தொல்லை இல்லை. கறந்த சூட்டோடு வரும் பாலை மட்டும் உடனே பார்க்கமாட்டாள். சூட்டில் மீட்டர் முங்கிப்போகும், நல்ல பாலும் தண்ணீர் கலந்ததாகக் காட்டும். குப்பியைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து ஆறவிட்டுத்தான் பார்ப்பாள். "அம்மிணி பாலுக்கு வைத்தியம் பாக்குது" என்று வரிசையில் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.

இருபத்திரண்டு வயதில், தன்னைப் போன்ற பெண்கள் எழுதியதையெல்லாம் கைப்பேசியில் படித்துவிட்டு, தானே பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் டாக்டரைப் பார்த்தாள். மூன்று தடவை வரவழைத்துக் கேள்வி கேட்டு, ஆட்டிசம் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. திமிர், ராங்கி, பிடிவாதம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிச் சேர்த்த பேர்களெல்லாம் பொய் என்று ஒருத்தராவது எழுதிக் கொடுத்தார்களே!

அம்மா பூவாத்தாள் அதைப் படித்தாள். பிடுங்கிப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"வெளிய தெரிஞ்சா உன்னய எவன் கட்டுவான்? நல்லாத்தானே பேசற, நல்லாத்தானே திங்கற? வாய மூடிட்டு இரு கண்ணு."

கிருத்திகா கேட்டது ஒரே ஒரு சலுகை. செக்ரட்டரி தனபாலிடம் போய் நின்றாள். "ஏனுங்கண்ணா, சத்தம் கொறைக்கற காதுமூடி ஒண்ணு போட்டுக்கட்டுங்களா? நானே வாங்கிக்கறனுங்க."

"உனக்கென்ன அம்மிணி கொறச்சல்? மகாராணியாட்ட காத மூடிட்டு உக்கோந்தா சனம் என்ன சொல்லும்? டாக்டர் சீட்டு இருந்தாக் கொண்டா, பரணசமிதியில வெச்சுப் பாக்கலாம்."

சமிதி என்றால் சொசைட்டியை நடத்துகிற ஒன்பது பேர். சீட்டோ பீரோவில். ஒரு வருடம் அம்மாவிடம் கெஞ்சினாள். பூவாத்தாள் சாவியை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் பாலுக்கு அடிதடி. அன்றைக்கு சமிதி மெம்பர் கோகுல்நாத்தின் பால் வந்தது. இருபது மாட்டுக்காரர். ஆறிப்போன பால்தான், சூட்டைக் குறை சொல்ல வழியில்லை. நல்ல பாலுக்கு இருபத்தெட்டாவது காட்டவேண்டிய மீட்டர் இருபத்தொன்றில் நின்றது. மூன்று தடவை பார்த்தாள்.

"தண்ணி கலந்திருக்குதுங்க. எடுக்க முடியாதுங்க" என்றாள், நாற்பது பேர் முன்னால்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பிறகு ஊரே கேட்டது. மெதுவாகச் சொன்னால் தண்ணீர் பாலாகிவிடுமா? மாதிரிப் பாலைக் குப்பியில் அடைத்துப் பேர் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கோகுல்நாத் கொடுத்த புகாரின்மேல் சமிதி கூடியது.

"மாதிரி இருக்குதுங்க. யாரு வேணாலும் ஊத்திப் பாருங்க" என்றாள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. தனபால் வாசல் பக்கம் திரும்பி, "வாங்க பூவாத்தா" என்றார்.

அவள் அம்மா உள்ளே வந்தாள். கையில் அந்தக் காகிதம். மடிப்பில் பட்டுச்சேலை நாற்றம், அந்துருண்டை நாற்றம்.

"மானநஷ்டக் கேஸு போடுவாங்கன்னு செக்ரட்டரி வந்து சொன்னாருங்க. என்ற புள்ளைக்கு மனசு செரியில்லீங்க. அது சொன்னத யாரும் பெருசா எடுத்துக்காதீங்க." சொல்லிவிட்டுக் கோகுல்நாத்தைக் கும்பிட்டாள்.

ஒரு வருடம் வெளியே வராத காகிதம்! காது வலிக்கிறது என்றபோது வராத காகிதம். கிருத்திகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதுல மனசு செரியில்லைன்னு எழுதலீங்க. கண்ணு தெரியாதுன்னும் எழுதலீங்க. குப்பிய எடுத்துப் பாருங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. கைகள் தாமாகவே உதறின. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காகிதத்தில் இல்லாததையெல்லாம் அந்தக் கையில் படித்துக்கொண்டார்கள்.

"அய்யோ பாவம்" என்றார் கோகுல்நாத். மன்னித்துவிட்டாராம்! தனபால் ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தார், வாஷ்பேசினில் கவிழ்த்தார், குழாயைத் திறந்துவிட்டார். வேலையைவிட்டு அனுப்பவேண்டாம் என்று சமிதி இரக்கப்பட்டது. மேசை மட்டும் வேண்டாம்; பின்னால் கேன் கழுவட்டும். சொசைட்டியிலேயே சத்தம் அதிகமான இடம் அதுதான். சீட்டுத்தான் வந்துவிட்டதே, காதுமூடிக்கும் அனுமதி.

வீட்டுக்குப் போகும் வழியில் பூவாத்தாள் சொன்னாள்: "உனக்கோசரந்தான் கண்ணு செஞ்சேன்."

கிருத்திகா நாலடி முன்னால் நடந்தாள்.

மறுநாள் மேசையில் தனபாலே உட்கார்ந்தார். சொசைட்டிக்குப் பின்வீடு என்பதால் வீட்டு மாட்டுப் பாலோடு பூவாத்தாள்தான் எப்போதும் முதல் ஆள். கறந்த பாலில் நுரைகூட அடங்கியிருக்காது. தனபால் அப்படியே குழாயில் ஊற்றினார். மீட்டர் முங்கியது.

"பூவாத்தா, தண்ணி ஊத்தியிருக்கறீங்க."

"அய்யய்யோ! இப்பத்தானுங்க கறந்தேன், நீங்களே தொட்டுப் பாருங்க." வரிசை அதற்குள் சிரித்தது. பூவாத்தாள் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள்: "கிருத்தி! நம்ம பாலு சுத்தமுன்னு வந்து சொல்லு கண்ணு!"

கிருத்திகா, எப்போதோ வாங்கிவைத்திருந்த காதுமூடியைக் கழற்றிவிட்டு ஈரக்கையோடு வந்தாள். பாலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "சூட்டுல பாத்திருக்கறீங்கண்ணா. ஆற வெச்சுப் பாருங்க, ஏறும்."

தனபால் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சிரித்தார். "அது சொல்றதப் பெருசா எடுத்துக்க வேண்டாமுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க பூவாத்தா?"

கிருத்திகா திரும்பிப் போய்க் காதுமூடியை மாட்டிக்கொண்டாள். கழுவாத கேன்கள் ஆளுயரத்துக்குக் கிடந்தன. அம்மா பின்னாலேயே வந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, கண்ணீர்கூட வந்தது. கிருத்திகா காதுமூடியைக் கழற்றவில்லை. அதற்குத்தான் அனுமதி இருக்கிறதே.