ஆறு பத்துக்கு ஒரு டம்ளர்

பதினொரு வருடமாக அந்தக் குடும்பத்தின் நான்கு பசுமைக்குடில்களுக்கும் எப்போது தண்ணீர் விடுவது என்று முடிவு செய்தது மூத்த மருமகளின் ஆள்காட்டி விரல்தான். மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்குக் குத்துவாள். எடுத்துப் பார்ப்பாள். “இன்னைக்கு வேண்டாம்” என்பாள். மாமனார்கூட மறுபேச்சு பேசமாட்டார்.

இளைய மருமகள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே இரண்டு பல் வைத்த ஒரு கருவி. மண்ணில் நட்டுவிட்டால் ஈரம் எவ்வளவு என்று செல்போனில் காட்டும்; குறைந்தால் தானே வால்வைத் திறந்து சொட்டுநீர் விடும்.

“என்னடி இது, முள்கரண்டி மாதிரி?” என்றாள் மூத்தவள்.

“சென்சார்க்கா. இனிமே நீங்க குனிஞ்சு குனிஞ்சு குத்திப் பார்க்க வேண்டாம்.”

“இடுப்பு வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்?”

மாமனார் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். “நாப்பத்திரெண்டு சதவீதமாம்! பாரேன், மண்ணு பேசுது!”

பதினொரு வருடத்தில் விரலுக்காக அவர் ஒருநாளும் இப்படி வாயைப் பிளந்ததில்லை.

“முதல்ல மூணாம் குடில்ல குடைமிளகாய்க்கு வைப்போம். அறுவடை நல்லா வந்தா நாலுலயும் வெச்சிடலாம். அப்புறம் தண்ணி பொறுப்பு சின்னவளுக்கு” என்றார்.

மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் ஆறுதல் சொல்வதாக நினைத்து, “நல்லதுதானே, உனக்கும் ரெஸ்ட்” என்றான்.

“உங்களுக்கும் ஒண்ணு வாங்கி நடணும். என்ன சொன்னாலும் உறைக்க மாட்டேங்குது.”

இரண்டு வாரம் சென்சார் ஒழுங்காக வேலை செய்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விரல் வேண்டாம் என்ற நாளில் அதுவும் வேண்டாம் என்றது. ஆனால் விரலுக்கு யாரும் கைதட்டவில்லை.

மூன்றாவது வாரம், காலை ஆறு பத்துக்கு, யாரும் வருமுன் மூன்றாம் குடிலுக்குள் போனாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். சென்சாரின் காலடியில் மெதுவாக ஊற்றினாள். கருவி ஈரம் என்று காட்டியது, வால்வு திறக்கவில்லை. மறுநாளும் ஊற்றினாள். செடிகள் கொஞ்சம் வாடட்டும், முள்கரண்டியின் யோக்கியதை எல்லாருக்கும் தெரியட்டும் என்பது கணக்கு.

“அறுபது காட்டுது, ஆனா இலை மடங்கியிருக்கேக்கா?” என்று இளையவள் குழம்பினாள்.

“மிஷின் சொன்னா சரியாத்தானே இருக்கும்?” என்றாள் மூத்தவள், தேனொழுக.

மூன்றாம் நாளும் ஒரு டம்ளர். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தாள். வரிசை வரிசையாக இலைகள் தொங்கின. பூக்கள் கொட்டிக் கிடந்தன. அவள் கையால் நட்ட நாற்றுகள். சென்சார் பக்கத்துச் செடி ஒன்று மட்டும் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. அதைப் பார்க்கவே கோபம் வந்தது. ஓடிப்போய்க் கையாலேயே வால்வைத் திறந்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டில் மாமனார் கேட்டார். “யார் தப்பு?”

இளையவள் போனை ஒருமுறை பார்த்தாள். ஈரத்தைக் காட்டும் கோடு மூன்று நாளும் காலை ஆறு பத்துக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது. அடுத்து மூத்தவளைப் பார்த்தாள்.

“என் தப்புதான் மாமா. சொட்டுக் குழாய்க்கு ரொம்பப் பக்கத்துல நட்டுட்டேன்.”

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பித்தோம் என்று அவள் மூச்சுவிடுவதற்குள் மாமனார் முகம் மலர்ந்தார்.

“பார்த்தீங்களா? தப்பை ஒத்துக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? இந்த வயசுல என்ன பக்குவம்!”

இதுவுமா? செய்யாத தப்புக்குக்கூட இவளுக்குத்தான் பாராட்டா?

“அது என் தப்பு!” மூத்தவள் தட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “நான்தான் தினமும் தண்ணி ஊத்தினேன். அவ ஒண்ணும் பண்ணல!”

கொழுந்தன் வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. மாமனார் தட்டிலேயே கை கழுவினார். பிறகு, “வால்வு ரூம் சாவியைச் சின்னவகிட்டக் குடுத்துடு” என்றார்.

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“சாவி அக்காகிட்டயே இருக்கட்டும் மாமா” என்றாள் இளையவள். “ஒரே சென்சாரை நம்பி முழுக் குடிலையும் விட்டது தப்புதான். இன்னும் மூணு வேணும். எந்த இடம் சீக்கிரம் காயும், எந்த இடம் ஊறிக் கிடக்கும்னு போனுக்கு எப்படித் தெரியும்? அக்காதான் காட்டணும்.”

பெரிய மனதும் இவளுக்கே! மூத்தவள் பல்லைக் கடித்தாள். ஆனால் சாவியை யாரும் தொடுவதற்குள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புது சென்சார்கள் மூன்றும் வந்து சேர்ந்த மறுநாள் காலை இருவரும் குடிலுக்குள் போனார்கள். கதவோரம் காற்றடிக்கும் இடம், தாழ்ந்த மூலை, வெயில் முதலில் விழும் வரிசை என்று மூத்தவள் காட்டக் காட்ட, இளையவள் நட்டாள்.

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதான்.”

இளையவள் போனதும் மூத்தவள் நடுத்தூணின் பின்னால் போனாள். குடிலிலேயே முதலில் காயும் இடம் அது. குனிந்து விரலை இரண்டு கணு ஆழம் குத்தினாள். எடுத்துப் பார்த்தாள்.

இதை மட்டும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை.