ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தக்காளித் தட்டு

1

"முளைச்சுதா?"

"இல்லீங்க. இன்னைக்கும் இல்ல."

"அப்பாடா." பிறகு அவசரமாக, "அதாவது... ஐயோ பாவம்னு சொல்ல வந்தேன்."

இந்தக் கதை பிறந்தது இந்த மூன்று வரிகளில்தான். கேட்டவர் எங்கள் எதிர்வீட்டுப் பெண், மருந்தாளர்; தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பதில் சொன்னவன் என் தம்பி. விதைத் தட்டுக்குள் தலையை விட்டிருந்ததால் அந்த 'அப்பாடா' அவன் காதில் விழவில்லை. மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. குடும்பக் காதல் கதைகள் எழுதிப் பிழைக்கிறவள் நான். ஓர் 'அப்பாடா' கிடைத்தால் விடுவேனா?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தக்காளி விதைக்குப் பொறுமை உண்டு, மனிதருக்குத்தான்..."

அடித்துவிட்டேன். விதைக்குப் பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. கதகதப்பு இருந்தால் முளைக்கும், இல்லையென்றால் கிடக்கும்.

அடுத்து: "அன்று காலை வானம்..."

இந்தக் கதையில் வானத்துக்கு வேலையே இல்லை. எல்லாம் ஃப்ரிட்ஜ் மேலேதான் நடக்கிறது.

சரி, நேராகவே சொல்கிறேன். மருந்தாளருக்கு எப்போதோ ஒரு தக்காளியின் ருசி பிடித்துப்போய், விதையைப் பிதுக்கி, காகிதக் கைக்குட்டையில் காயவைத்து, காலி மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்திருந்தார்.* மாத முடிவில் அவர் வீடு மாறுகிறார். புது வீட்டில் மொட்டைமாடி உண்டு. அங்கே வைக்க நாற்று வேண்டும். விதை முளைக்க வெளிச்சத்தைவிட அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பு முக்கியம். எங்கள் பழைய ஃப்ரிட்ஜின் தலை எப்போதும் காய்ச்சல்காரனின் நெற்றிபோல இருக்கும். தட்டு அங்கே ஏறியது அப்படித்தான்.

"முளைச்சதும் எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார்.

அன்றிலிருந்து கடை திறக்கப் போகும் முன் தினமும் வருவார். சொட்டு மருந்துக் குழாயால் ஒவ்வொரு குழிக்கும் தண்ணீர் விடுவார். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல வாயைத் தானும் லேசாகத் திறந்துகொண்டு. (இந்த வாயை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. சத்தியம்.)

* விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைக் கழுவாமல் காயவைத்தால் அது முளைக்க அடம்பிடிக்குமாம். விதை பழசென்றால் கேட்கவே வேண்டாம். மருந்து படித்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தே கழுவாமல் விட்டாரா? அப்படி ஒரு பத்தி எழுதி, கிழித்தேன். பார்க்காததைப் பார்த்ததாக இந்தக் கதையில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

3

நாயகன் சரியில்லை. இப்படியொரு ஆளைப் பதிப்பாளர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் அவனுக்குப் பெயரே 'லிஃப்ட்டு'. நாற்பதை நெருங்குகிறான். முகத்துக்கு நேரே யாராவது பேசினால், தன் செருப்பிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வான்.

ஆனால் லிஃப்டில் யாராவது மாட்டிக்கொள்ளட்டும். அப்போது பாருங்கள் அவனை! மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்பான். கதவு திறக்கும்வரை பேச்சு நிற்காது. உள்ளே இருப்பவரின் ஊர், உறவு, பிடித்த பிஸ்கட் எல்லாம் விசாரிப்பான். அழுத பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவனைவிட அழகான ஆண்பிள்ளையை நான் எழுதியதும் இல்லை.

மருந்தாளரும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். பழக்கம் அப்படித்தான் வந்தது. "அக்கா, உள்ள இருந்தப்போ என்னமா பேசினார் தெரியுமா! கதவு திறந்துச்சு, பேச்சு கட்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

4

ஒருநாள் மருந்தாளர் கடைக்குப் போனதும், தம்பி தட்டை இறக்கிக் குளியலறை ஈரத்தரையில் வைப்பதைப் பார்த்தேன்.

"என்னடா பண்றே?"

"மேல சூடு ஜாஸ்திக்கா."

"சூடு வேணும்னுதானேடா மேல வெச்சோம்?"

செருப்பு காலில் இல்லை. அதனால் கால் விரல்களைக் கலந்தாலோசித்தான்.

"முளைச்சா எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா."

மறுநாள் அவர் வருவதற்குள் தட்டு திரும்ப மேலே போய்விடும். லிஃப்ட் வேலை செய்கிறவன் புத்தி வேறு எப்படிப் போகும்? ஏற்றுவான், இறக்குவான்.

5

இதுவரை எழுதியதை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். (முதல் பகுதியை மட்டும் உருவி வைத்துக்கொண்டேன். அந்த 'அப்பாடா'வை நான் சொல்லிவிட்டால் பிறகு அவன் கேட்பதற்கு என்ன மதிப்பு?)

"என்னை அசடா எழுதியிருக்கே."

"அசடுன்னு எங்கடா இருக்கு?"

"எல்லா வரியிலயும் இருக்கு." தாளைப் புரட்டினான். "கடைசிப் பக்கம் எங்க?"

"நீ கேட்டாத்தான் வரும்."

"நீதானே எழுத்தாளர்? கேட்ட மாதிரி எழுதிக்கோ."

"எத்தனையோ பேரைக் கேக்க வெச்சுட்டேன்டா. நீயாவது சொந்தமா கேளு."

அவன் நாலாவது பகுதியை மறுபடியும் படித்தான். எழுந்துபோய்த் தட்டைத் தரையிலிருந்து எடுத்தான். அடியைத் துடைத்தான். மோட்டார் சூட்டைப் பார்ப்பதுபோலப் புறங்கையால் ஃப்ரிட்ஜின் தலையைத் தொட்டுப் பார்த்து, மேலே வைத்தான்.

"அது அவங்க விதை, அக்கா," என்றான்.

அதற்குப் பிறகு தட்டு இறங்கவே இல்லை. இழக்கப்போவது என்ன என்று தெரிந்தே வெதுவெதுப்பில் வைத்தான். என் நாயகர்கள் மழையில் நனைந்திருக்கிறார்கள், ரயிலைத் துரத்தியிருக்கிறார்கள். இதைச் செய்ததில்லை.

6

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

விதை முளைக்கவே இல்லை, அவர் வந்துகொண்டே... (வீடு மாறிவிடுவாரே, எப்படி வருவார்?)

தட்டை வாங்கும்போது விரல்கள் பட... (இதை ஏழெட்டு நாவலில் செய்தாயிற்று.)

நடந்தது வேறு.

7

முளைத்துவிட்டது. வெளிறிய கழுத்தை வளைத்துக்கொண்டு ஒன்று, அதன் பக்கத்தில் விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு இன்னொன்று. மருந்தாளர் அந்தத் தொப்பிமேல் ஒரு சொட்டு விட்டார்.

"ஊறட்டும். தானா கழண்டுடும்."

"ஆமாங்க."

"அப்போ... எடுத்துட்டுப் போறேன். ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்."

"பரவாயில்லீங்க."

பரவாயில்லையாம்! வெங்காயத்தை வீசியடிக்கலாம்போல இருந்தது எனக்கு. எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

தம்பி ஃப்ரிட்ஜ் மேல் இருந்த சதுர ஈரத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு வெளியே போனான். எதிர்க் கதவில் உள்ளங்கையை வைத்தான். அழைப்புமணியை அவன் தொடவில்லை.

"உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் கதவை ஒட்டியே வந்தது. அவர் உள்ளே நகரவே இல்லைபோல.

(வாசகரே, அவன் பேசி முடித்ததும் நான் நிறுத்திக்கொள்கிறேன். முதல் பகுதியில் காதில் விழுந்த 'அப்பாடா' அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கதவின் கைப்பிடி உங்களிடம்.)

"பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கறேன்," என்றான். "தட்டு இல்லாட்டியும் காலையில வாங்க. வீடு மாறின பிறகும் வாங்க. செடியைப் பத்திச் சொல்ல வேண்டாம். என்னைப் பார்க்க வாங்க."